கப்பல் மத்தாப்பு

அந்த வருஷத் தீபாவளிக்குச் சகலையின் மூக்கை உடைத்தே தீருவது என்று அப்பாவு முடிவு கட்டினார்.

நிஜ மூக்கை அல்ல. சகலை சின்னதுரை ஆறடி ஆள். அந்த மூக்கு அப்பாவுவுக்கு எட்டவே எட்டாது. அவர் உடைக்க நினைத்தது கௌரவ மூக்கை.

சின்னதுரைக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அப்பாவுவுக்கு மெட்ராஸ் ஹார்பரில் வேலை. கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். கடம்பத்தூரிலிருந்து காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார். பதினாலு வருஷமாக இப்படித்தான். பெரியபாளையத்துப் பக்கம் நெல் விளைவிக்கும் பச்சையப்பன்தான் இருவருக்கும் மாமனார். மூத்த மகள் கெங்கம்மாள் அப்பாவுவுக்கு. இளையவள் குப்பம்மாள் சின்னதுரைக்கு. தீபாவளிக்கு இரண்டு மாப்பிள்ளைகளும் மாமனார் வீட்டில் கூடுவது வழக்கம்.

போன தீபாவளிக்குச் சின்னதுரை ஒரு இரும்புக் கேட்டைக் கொண்டு வந்து இறக்கினான். மாமனார் வீட்டுக்கு அதுவரை கேட் கிடையாது. கேட் வைக்க மதில் சுவரும் கிடையாது. அதனால் என்ன? வாசலில் இரண்டு கல்தூண் நட்டு நடுவே மாட்டிவிட்டான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திறந்த வெளி. ஆனாலும் ஊர்ஜனம் அத்தனையும் அந்தக் கேட்டைத் திறந்துதான் உள்ளே வந்தது. போகும்போது மறக்காமல் சாத்திவிட்டும் போயிற்று.

அதே தீபாவளிக்கு அப்பாவு கொண்டுபோனது ஒரு டப்பா கப்பல் பிஸ்கோத்து. நடுக்கடலில் தத்தளிக்கிறவன் ஒரு வாரம் வைத்துத் தின்ன வேண்டும் என்று செய்த சரக்கு. பச்சையப்பன் அதை ஒரே கடியில் தின்னப் பார்த்தார். முன்பல் ஒன்று போயிற்று.

"அண்ணே, மிச்சத்த எங்க கம்பெனிக்குக் குடுங்க. உருக்கிப் பாக்கலாம்" என்றான் சின்னதுரை. ஊரே சிரித்தது. கெங்கம்மாளும் சிரித்தாள். அதைத்தான் அப்பாவுவால் மறக்க முடியவில்லை.

எழுபத்து நாலாம் வருஷம், தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அவருக்கு ஒரு வழி பிறந்தது.

ஒவ்வொரு கப்பலிலும் உயிர்ப்படகு இருக்கும். கப்பல் முழுகும் நிலை வந்து படகில் இறங்கியவர்கள், "ஐயோ, இங்கே இருக்கிறோம்" என்று காட்டுவதற்குக் கொளுத்தும் சிவப்பு வாணமும் அதில் இருக்கும். ஆபீஸில் அதற்குப் 'பிளேர்' என்று பெயர். கையில் பிடித்துக் கொளுத்துவது ஒரு வகை. ஆகாசத்தில் ஏறி, குட்டிக் குடை ஒன்றை விரித்துக்கொண்டு, நிதானமாக எரிந்தபடி இறங்குவது இன்னொரு வகை. எதுவானாலும் மூன்று வருஷம்தான் ஆயுசு. தேதி தாண்டினால் புதிது வைக்க வேண்டும். பழையதைச் சர்க்கார் ஆபீஸில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர்கள் அதை முறைப்படி அழிப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, துறையில் நின்ற ஒரு கப்பலிலிருந்து இறக்கிய பன்னிரண்டு பழைய பிளேர்களை ஒரு தகர டப்பாவில் போட்டு, மானேஜர் அப்பாவுவிடம் கொடுத்தார்.

"நேராக் கொண்டுபோய்க் குடுத்துட்டு கையெழுத்து வாங்கிட்டு வா. வெடிமருந்து விஷயம். வழியில டீ கூடக் குடிக்காதே" என்றார்.

அப்பாவு டீ குடிக்கவில்லை. அந்த மட்டுக்கும் சொல் தட்டவில்லை. ஆனால் நேராகப் போனது சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு. டப்பாவை ரயிலில் காலுக்கடியில் வைத்துக்கொண்டார். எதிர் சீட்டில் மூன்று பேர் பீடி பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதைப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவருக்குப் பாதத்திலிருந்து குளிர் ஏறும். அன்றைக்கு ஏறவில்லை. அன்றைக்கு அவர் கண்ணில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பெரியபாளையத்து ஆகாசத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு சிவப்பு நிலா இறங்குகிறது. கீழே சின்னதுரை வாயைப் பிளந்து நிற்கிறான்.

டப்பாவை வீட்டுப் பின்புறம் நெல் கொட்டி வைக்கும் அறையில், கோணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

மறுநாள் காலை கிணற்றடியில் குளித்துக்கொண்டே தமக்குத் தாமே பேசினார். சந்தோஷம் வந்தால் அப்படிப் பேசுவது அவர் வழக்கம்.

"காலாவதி ஆனா இன்னா? வயசா முக்கியம்? உள்ள சரக்கு அப்பிடியே கீது. தீபாவளி வரிக்கும் கெங்கா கண்ணுல படாம வச்சிகினு இருந்தா போதும்."

"யாருயா அந்தக் கலாவதி?"

அப்பாவு திரும்பினார். சோப்பு கண்ணில் இறங்கிற்று. கெங்கம்மாள் இடுப்பில் பால் தவலையோடு நின்றிருந்தாள்.

"எந்தக் கலாவதி?"

"அதத்தான் நானும் கேக்குறேன். என் கண்ணுல படாம வச்சிகினு கீறியே, அவ."

"ஐயோ, கலாவதி இல்லமே. காலாவதி. கா. காலு."

"காலு வேற காட்டினாளா?"

"ஆபீஸ் சமாச்சாரம்மே அது!"

"ஆபீஸ்லயே கீறாளா?"

"மானேஜர்தான் என் கையில ஒப்படைச்சாரு."

"அந்தப் பெரிய மனுசனுக்கும் தெரியுமா?"

"மூணு வருசமா கப்பல்ல இருந்தது. நேத்துதான் எறக்குனாங்க."

"கப்பல்ல வந்தவளா? எந்தச் சீமைக்காரி?" கெங்கம்மாள் தவலையைக் கீழே வைத்தாள். "சரி. நான் எங்க நைனாவுக்கு ஆளு அனுப்பறேன். சின்னதுரையும் வரட்டும். எல்லாரும் வந்து கலாவதியப் பாக்கட்டும்."

சின்னதுரை என்ற பெயர் காதில் விழுந்ததும் அப்பாவுவுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. ஈர வேட்டியோடு ஓடினார். கோணிகளை இழுத்துப் போட்டார். டப்பாவை எடுத்து அவள் காலடியில் வைத்தார்.

"இதான். போதுமா? இதான் காலாவதி."

கெங்கம்மாள் டப்பாவைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"காலாவதின்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? போன வருசம் எங்க நைனா பல்லு போனப்ப அந்த பிஸ்கோத்து டப்பாவுல அதத்தான படிச்சிக் காட்டுன? நேத்து சாயங்காலத்துலேந்து நீ கோணி அறைக்கும் வாசலுக்கும் நடந்துகினு கீற. அங்க இன்னா கீதுன்னு நானா தேடுனா நெல்லெல்லாம் கொட்டிப் போவும். அதான் உன் கையாலயே எடுக்க வச்சேன்."

அப்பாவு வேட்டியைப் பிழிந்தார். வேறு என்ன செய்வது?

கெங்கம்மாள் டப்பாவை ஆட்டவில்லை. உள்ளே கை விடவில்லை. மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு, பால் தவலையோடு ஸ்டேஷன் மாஸ்டர் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். ராமபத்ரன் திருவள்ளூர்க்காரர். கோயில் கைங்கரியக் குடும்பம். படித்தவர். மூடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாராம். கெங்கம்மாள் திரும்பி வந்து அவர் சொன்னதை வரி விடாமல் ஒப்பித்தாள்.

"பழசாயிட்டா அது எப்பிடிப் பத்தும்னு செஞ்சவனுக்கே தெரியாதாம். கையிலயே வெடிக்கலாமாம். மேல போறது சைடுல போலாமாம். குப்பையில போடக் கூடாது, கெணத்துல போடக் கூடாது, வேடிக்கைக்குக் கொளுத்தவே கூடாது. யாரு குடுத்தாங்களோ அவங்களுக்குச் சொல்லி அனுப்பணுமாம். சாமி சொன்னாரு."

"ரயில்காரருக்கு கப்பலப் பத்தி இன்னா தெரியும்?"

"நெருப்பப் பத்தித் தெரியுமில்ல?"

"சரிமே. இன்னிக்கு அர நாளுதான். திங்கக்கெழம எத்துகினு போய் குடுத்துடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் மனசறிந்து சொன்ன சத்தியம்தான் அது. பன்னிரண்டில் பதினொன்றைக் கொடுத்துவிடுவது என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டார். ஒன்றே ஒன்று. அதைக் கொளுத்திப் பார்த்துவிட்டால் ஆசை அடங்கிவிடும். அன்று சனிக்கிழமை, ஆபீஸ் அரை நாள். மானேஜர் வெளியே போயிருந்தார். கையெழுத்துச் சீட்டு எங்கே என்று கேட்க ஆளில்லை. நடுப்பகல் ரயிலிலேயே திரும்பி வந்தார். கெங்கம்மாள் மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிருந்தாள். சாயங்காலம், வெளிச்சம் மங்கும் வேளையில், கைப்பிடி வைத்த ஒரு பிளேரைத் துண்டில் சுற்றிக்கொண்டு கழனிக்குக் கிளம்பினார்.

யோசனையில்லாமல் போகவில்லை. வைக்கோல் போர் வீட்டோரம் இருந்தது. அங்கே கொளுத்தினால் ஆபத்து. கழனியின் கடைக்கோடியில் வரப்பு ஈரமாக இருந்தது. அங்கே பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. வைக்கோலை நினைத்தார், வீட்டை நினைத்தார், மாட்டை நினைத்தார். கடைக்கோடி வரப்பை ஒட்டி ரயில் தண்டவாளம் போகிறது என்பதை மட்டும் நினைக்கவில்லை. பதினாலு வருஷமாக அதே தண்டவாளத்தில் போய் வருகிறவர்.

மூடியைக் கழற்றி, மேலே எழுதியிருந்தபடி நுனியில் உரசினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி உரசினார். லேசாகப் புகைந்து அடங்கிற்று. "செத்துப் போச்சா?" என்று முகத்தருகே கொண்டுபோகப் பார்த்தார். நல்ல வேளை, அப்போது ஒரு தும்மல் வந்தது. முகத்தைத் திருப்பினார்.

பளீரென்று பற்றிக்கொண்டது.

அப்படி ஒரு சிவப்பை அப்பாவு பார்த்ததேயில்லை. நெற்பயிர் சிவப்பு. வாய்க்கால் தண்ணீர் சிவப்பு. அவருடைய வெள்ளை வேட்டி சிவப்பு. ஒரு கணம் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த கணம் பிளேரின் பக்கவாட்டில் தகரம் பிளந்து, கொழகொழவென்று நெருப்பு ஒழுகி உள்ளங்கையில் விழுந்தது. அலறிக்கொண்டு சேற்றில் வீசினார். சேற்றிலும் எரிந்தது. காலால் தள்ளித் தண்ணீருக்குள் விட்டார். தண்ணீருக்குள்ளும் எரிந்தது. கடலுக்கென்று செய்த சாமான். கடம்பத்தூர் வாய்க்கால் அதற்கு எம்மாத்திரம்?

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து வரும் ஆறு மணிப் பாசஞ்சர், நீளமாக ஊளையிட்டு, பிரேக் கிறீச்சிட, பெட்டி பெட்டியாக இடித்துக்கொண்டு, அவருக்கு நேராக வந்து நின்றது.

சிவப்பு விளக்கைப் பார்த்தால் ரயில் நிற்கும். அதற்கு எந்தக் கப்பல் விளக்கு, எந்த ரயில் விளக்கு என்று பேதம் தெரியாது.

ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீண்டது. எல்லாம் தெரிந்த தலை. பதினாலு வருஷமாகக் கூடவே சீட்டு விளையாடிய தலைகள்.

"டேய், நம்ம அப்பாவுடா!"

"இன்னா அப்பாவு, கப்பலு இங்கயா முழுகுது?"

"ஊட்டுக்கு நடக்க சோம்பலா? வண்டிய நிறுத்தி ஏறப் பாக்குறியா?"

டிரைவர் இறங்கினார். பின்பெட்டியிலிருந்து கார்டு ஓடி வந்தார். புல்லுக்கட்டைப் போட்டுவிட்டுக் கெங்கம்மாளும் ஓடி வந்தாள்.

"யாருய்யா சிவப்பு காட்டினது? தண்டவாளத்துல என்ன? ஏதாவது ஆபத்தா?" என்று கார்டு மூச்சிரைக்கக் கேட்டார்.

அப்பாவு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெங்கம்மாள்தான் பதில் சொன்னாள்.

"ஆபத்துதாங்க. இதே மாதிரி இன்னும் பதினொண்ணு ஊட்ல கீது."

கார்டு இரண்டு எட்டு பின்னால் போனார்.

சைக்கிளில் ராமபத்ரன் வந்து சேர்ந்திராவிட்டால் அன்று அப்பாவு மாமனார் வீட்டுக்குப் பதில் போலீஸ் மாமியார் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போயிருப்பார். ராமபத்ரன் கார்டைத் தனியே அழைத்துப் பேசினார். டிரைவரிடம் பேசினார். ரயில் அரை மணி தாமதமாகக் கிளம்பிற்று. கடைசிப் பெட்டி கண்ணில் மறைகிற வரைக்கும் "அப்பாவு! கப்பல் அப்பாவு!" என்று யாரோ கத்திக்கொண்டே போனார்கள்.

"அப்பாவு, நியாயமா உம்மைப் பத்தி ரிப்போர்ட் எழுதணும்" என்றார் ராமபத்ரன். "எழுதினா உத்தியோகம் போயிடும். உம்ம சம்சாரத்துக்காகத் திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுக்கறேன். அதுக்குள்ள அந்தச் சாமான் இந்த ஊரை விட்டுப் போகணும்."

"நானே எடுத்துகினு போயிடறேன், சாமி."

"எதுல?"

"ரயில்லதான்."

ராமபத்ரன் அவரையே பார்த்தார். "அப்போ வந்ததும் ரயில்லதானா? ஜனங்க நடுவுலயா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அப்பாவு தலையைக் குனிந்துகொண்டார். சாகும்வரை மறக்க முடியாத கேள்வி அது. "இனிமே அதைத் தொடவே தொடாதேயும். கம்பெனிக்காரா வண்டி கொண்டு வந்து, மணல் பரப்பி எடுத்துண்டு போகட்டும். யாராவது போய்ச் சொல்லுங்கோ."

அப்பாவுவின் வலது கை கொப்புளித்து, கம்பவுண்டர் போட்ட கட்டோடு தலையணை அளவுக்கு ஆகியிருந்தது. ஜுரமும் வந்துவிட்டது. டப்பாவைக் கழனியில் ஆளில்லாத பம்ப்செட் கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் கெங்கம்மாள்.

"நாளன்னைக்கு நான் போறேன்" என்றாள்.

"நீயா? மெட்ராஸுக்கா? ஒண்டியாவா? வழி தெரியாதேமே!"

"பதினாலு வருசமா கேட்டேன். ஒரு வாட்டி இட்டுகினு போயா, கப்பலப் பாக்கணும்னு. மழைன்ன, வெயிலுன்ன, பாஸு வாங்கணும்னு சொன்ன. இப்ப நீயா இட்டுகினு போல. உன் மத்தாப்பு இட்டுகினு போவுது."

அப்பாவுவுக்கு அந்தத் திங்கட்கிழமை ஒரு யுகமாக நகர்ந்தது. எருமை அவரைக் கிட்டவே சேர்க்கவில்லை. ஒற்றைக் கையால் சோறு வடிக்கப் போய்ப் பாதி அடுப்புக்கும் பாதி கோழிக்குமாகப் போயிற்று. அவள் வழி தவறியிருப்பாளோ என்று கொஞ்ச நேரம் பயந்தார். மானேஜர் வேலையை விட்டு நீக்கிவிடுவாரோ என்று கொஞ்ச நேரம் பயந்தார். நடுப்பகலுக்கு மேல் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்பாவு கப்பலில் ஏறியதே இல்லை.

கப்பலின் பக்கத்தில் தொங்கும் ஏணிப்படியைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். கீழே தண்ணீர் ஆடும், மேலே படி ஆடும், நடுவில் அவர் வயிறு ஆடும். சாமானைப் படியடியில் இறக்கி, மேலே இருக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். பதினாலு வருஷமும் இதுதான். கெங்கம்மாளிடம் சொன்னது வேறு. கேப்டன் தோளில் கை போட்டுப் பேசினார், கப்பல் சமையல்காரன் கோழி பொரித்துப் போட்டான், உச்சித் தட்டில் நின்று பார்த்தால் மெட்ராஸ் தீப்பெட்டி மாதிரி தெரிகிறது என்று எத்தனை சாயங்காலம் சொல்லியிருக்கிறார்! பொய் சொல்ல வேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள், கப்பலுக்குள்ளே எப்படி இருக்கும் என்று அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். மறுநாள் மிச்சத்தைக் கேட்டாள். பிறகு எங்கே நிறுத்துவது?

வெயில் சாயும் நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. முன் சீட்டில் மானேஜர். அவர் பக்கத்தில் கெங்கம்மாள். பின்னால் மணல் வாளிகளோடு இரண்டு பேர். ஜீப் வீட்டு வாசலில் நிற்கவேயில்லை. கெங்கம்மாள் கையை நீட்டி வழி காட்ட, நேராக பம்ப்செட் கொட்டகைக்குப் போயிற்று. பெட்டியில் மணல் பரப்பி, பிளேர்களை ஒவ்வொன்றாகப் பச்சைக் குழந்தையைப் போலப் படுக்க வைத்தார்கள். பதினொன்றும் சரியாக இருந்தன.

திரும்பும் வழியில் மானேஜர் அப்பாவுவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"உன் சம்சாரம் மட்டும் வராம இருந்தா உன்னைத் தூக்கியிருப்பேன். இந்தக் கையெழுத்து வராம கப்பல் நாளைக்குக் கிளம்ப முடியாதுய்யா. இனிமே வெடிமருந்து உன் கைக்கு வராது. சோப்பு, துடைப்பம், அவ்வளவுதான்" என்றார். பிறகு கெங்கம்மாள் பக்கம் திரும்பி, "வரேம்மா. கேப்டன் உங்களை மறுபடி வரச் சொன்னாரு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

கேப்டனா?

கெங்கம்மாள் முகம் கழுவி, எருமையைக் கறந்து, சோறு வடித்து, அப்பாவுவுக்குப் பிசைந்து ஊட்டினாள். கை அப்படி இருந்ததே. நாலாவது கவளத்தில் அவளே சொன்னாள்.

"ஜீப்பு கப்பலாண்ட நின்னுகினு இருந்தது. மானேஜரு என்னையும் இட்டுகினு போனாரு. சமாச்சாரத்தக் கேட்டுட்டு கேப்டன் எறங்கி வந்தாரு. உங்களாலதான் கப்பலு கெளம்பப் போவுது, மேல வந்து டீ குடிச்சிட்டுப் போங்கன்னாரு."

"ஏறுனியா?"

"ஏறாம? நாப்பத்தாறு படி. எண்ணிகினே ஏறுனேன்."

"பயமா இல்ல?"

"இருந்தது. கீழ பாக்காதீங்கன்னு ஒரு ஆளு சொன்னாரு. பாக்கல. ஏறிட்டேன்."

அடுத்த கவளத்தை அவள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேலேந்து பாத்தேன். மெட்ராஸு தீப்பெட்டி மாதிரி இல்லயா. பெரிசாத்தான் கீது."

அப்பாவு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மானேஜரு சொன்னாரு. உன்னப் பத்தி. ஏணியப் பத்தி."

"கெங்கா..."

"பயம்னா பயம்னு சொல்லக் கூடாதாயா? நானும் ஏரிக்கரைய தாண்டி ஒண்டியா போவாதவதான். ரெண்டு பேரும் கீழ நின்னே அண்ணாந்து பாத்துட்டு, கடலைய வாங்கித் தின்னுட்டு வந்திருக்கலாம். எனக்கு அதுவே போதும். பதினாலு வருசம்."

திட்டியிருந்தால் தேவலை. அழுதிருந்தாலும் தேவலை. அவள் கவளத்தை ஊட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அப்பாவு வாசலில் வந்து உட்கார்ந்தார். கை எரிந்தது. கல்யாணமான புதிதில் கன்னத்தில் கை வைத்துக் கேட்ட பெண்ணை, அந்த வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேற்றிக் கூட்டிப் போயிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? கப்பலே கண்ணெதிரில் நின்றதே! அதைக் காட்டாமல், வாயால் வேறு ஒரு கப்பலைக் கட்டிக் காட்டிக்கொண்டிருந்தாரே!

தீபாவளி வந்தது. சின்னதுரை இந்தத் தடவை ஒரு இரும்பு ஊஞ்சலோடு வந்திருந்தான். அப்பாவு வெறுங்கையோடும் கட்டுக் கையோடும் கேட்டைத் திறந்துகொண்டு போனார். ரயில் சமாச்சாரம் பெரியபாளையம் வரைக்கும் வந்திருக்குமோ, அதோடு ஏணிச் சமாச்சாரமும் இன்றைக்கு வெளியே வந்துவிடுமோ என்று அதிரசத்தைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

நாஷ்டா முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது கெங்கம்மாள் ஆரம்பித்தாள்.

"நைனா, நான் கப்பல்ல ஏறுனேன்."

ஊஞ்சல் நின்றது. குப்பம்மாள் வாயில் வைத்த முறுக்கைக் கடிக்க மறந்தாள். நாப்பத்தாறு படி, வெள்ளைக்காரத் தொப்பி போட்ட கேப்டன், ரூம் ரூமாகக் கட்டில், ஆள் உயரச் சங்கிலி, அண்டா மாதிரி மணி என்று கெங்கம்மாள் சொல்லிக்கொண்டே போனாள். பச்சையப்பன் பல் போன இடம் தெரிய வாயைத் திறந்தபடி கேட்டார்.

"யாருக்கா உன்ன இட்டுகினு போனது?" என்றாள் குப்பம்மாள்.

அப்பாவு கண்ணை மூடிக்கொண்டார்.

"வேற யாரு? உங்க மாமாதான். கையப் புடிச்சி ஒவ்வொரு படியா ஏத்துனாரு. கேப்டனுக்கு இவரப் பாத்தா அவ்ளோ மரியாத."

சின்னதுரை எழுந்து நின்றான். ஊஞ்சலை விட்டுக் கொடுத்தான். "உக்காருங்கண்ணே" என்றான். ஆறடி ஆள் அண்ணாந்து பார்ப்பதற்கென்றே கீழே உட்கார்ந்துகொண்டான்.

சகலையின் மூக்கு உடைந்துவிட்டது. சுக்குநூறாக. ஆனால் அப்பாவுவுக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. பதினாலு வருஷமாகத் தாம் சொல்லி வந்த பொய்யைத் தமக்காக அவள் சொல்கிறாளே என்று கண்ணில் நீர் வந்தது. "கப்பல நெனைச்சாலே அண்ணனுக்குக் கண்ணு கலங்குது பாரு" என்றான் சின்னதுரை மரியாதையோடு.

பிறகு அவனே கேட்டான்: "அண்ணே, எங்களையும் ஒரு வாட்டி இட்டுகினு போங்களேன். காணும் பொங்கலுக்கு வரோம்."

"நானும் வரேன்" என்றார் பச்சையப்பன். "கேப்டனப் பாத்து அந்த பிஸ்கோத்தப் பத்திக் கேக்கணும்."

"எங்க ஊட்டுலேந்து ஒம்போது பேரு" என்றாள் குப்பம்மாள்.

அப்பாவுவுக்குக் கீழே தண்ணீர் ஆடிற்று, மேலே படி ஆடிற்று. "அது... பாஸு வாங்கணும்... மழை..." என்று ஆரம்பித்தார்.

"வாங்க, எல்லாரும் வாங்க. மாமா ஏற்பாடு பண்ணுவாரு" என்றாள் கெங்கம்மாள்.

அவளைத் தொழுவத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னாமே, இப்பிடி மாட்டி வுட்டுட்டியே! பத்துப் பன்னெண்டு பேரு முன்னால அந்த ஏணியாண்ட நான் இன்னா பண்ணுவேன்?"

கெங்கம்மாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"எதுக்குயா பேஜாரு? இவங்கள மேல நான் இட்டுகினு போறேன். நீ கீழ நின்னு எல்லார் செருப்பையும் பாத்துக்கோ."